தங்கள் உண்மையுள்ள

சென்ற மாதம் என் தமக்கையின் மகன் ஸ்ரீரங்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தான். விண்ணப்பம் ஒழுங்காகத்தான் வந்திருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"மாமா, 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுலி' போடணுமா, 'யுவர்ஸ் சின்ஸியர்லி' போடணுமா? எது சரி?"

நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு நிறுத்தியவன். ஆங்கிலத்தில் என்னிடம் சந்தேகம் கேட்பது துணிச்சலான காரியம். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் சொல்வேன். "மேலே 'டியர் சார்' என்று பொதுவாக ஆரம்பித்திருந்தால் கீழே 'ஃபெய்த்ஃபுலி'. மேலே ஆளின் பெயரைச் சொல்லி அழைத்திருந்தால் கீழே 'சின்ஸியர்லி'. இது இங்கிலீஷ்காரன் வகுத்த முறை. அமெரிக்காக்காரன் இதையெல்லாம் பார்ப்பதில்லை. முன்பின் தெரியாதவனுக்கும் 'சின்ஸியர்லி' போட்டுவிடுவான்."

பையன் திருப்தியோடு எழுதி முடித்துத் தபாலில் சேர்க்கப் போனான். எனக்குத்தான் அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை. அந்த விதியை நான் கற்றுக்கொண்ட விதம் நினைவுக்கு வந்துவிட்டது. இத்தனை கதைகள் எழுதியும் இதை மட்டும் நான் எழுதியதில்லை. கதையாக எழுதினால் எனக்குச் சாதகமாக எங்கேயாவது வளைத்துவிடுவேன் என்ற பயந்தான் காரணம்.

சுமார் இருபத்தைந்து வருஷங்களுக்கு முன், டைப்ரைட்டிங்கில் லோயரும் ஹையரும் பாஸ் செய்துவிட்டு, திருச்சியில் ஒரு வியாபார ஸ்தாபனத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். ஸ்தாபனத்தின் பெயர் வேண்டாம். தினமும் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவேரிப் பாலத்தைத் தாண்டிப் போவேன். கம்ப்யூட்டர் எங்கும் வந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் மானேஜருக்கு மட்டும் அதில் நம்பிக்கை இல்லை. டைப் மிஷினில் அடித்து, தம் கையால் மையில் கையெழுத்திட்டால்தான் அவருக்குக் கடிதம்.

ஒரு நாள் அவர் ஒரு கடிதம் சொன்னார்; நான் அடித்தேன். அந்த ஸ்தாபனத்தில் பத்தொன்பது வருஷம் கணக்கு எழுதி, உத்தியோகத்தில் இருக்கும்போதே காலமாகிவிட்ட ஒருவருடைய மனைவிக்குப் பதில். அந்த அம்மாள் கணவரின் பணிக்கொடையைக் கேட்டு எழுதியிருந்தாள். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒரு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை தர வேண்டும் என்று அப்போது நடப்பிலிருந்த 1972ஆம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. சாதாரணமாக 5 வருஷம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். ஆள் இறந்துபோனால் அந்த நிபந்தனையும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. நான் அடித்த கடிதத்தில் இருந்தது வேறு. அவர் வருஷா வருஷம் விலகிப் புதிதாகச் சேர்ந்தவராகவே புத்தகத்தில் இருக்கிறார், ஆகையால் கொடுக்க வேண்டியது எதுவும் இல்லை, வருந்துகிறோம். அவ்வளவுதான்.

நான் மேலே அந்த அம்மாளின் பெயரைப் போட்டு, அதற்குத் தக்கபடி கீழே 'யுவர்ஸ் சின்ஸியர்லி' என்று முடித்திருந்தேன். மானேஜர் படித்துப் பார்த்தார். பெயரை அடித்துவிட்டு 'மேடம்' என்று எழுதினார். கீழே 'சின்ஸியர்லி'யை அடித்து 'ஃபெய்த்ஃபுலி' ஆக்கினார். "பெயரை எடுத்துவிட்டால் இதுதான் சரி. ஸ்தாபனத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. தப்பும் தவறுமாகக் கடிதம் போகக் கூடாது" என்றார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முழுக் கடிதத்தையும் மறுபடி பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தில் இருந்த தவறு அது ஒன்றுதான் என்று அவரும் நம்பினார், நானும் நம்பினேன்.

நான்கு நாள் கழித்து ஒரு சாயங்காலம் அந்த அம்மாள் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அடையவளஞ்சான் வீதியில் இருந்தவள். என் தாயாருக்குப் பழக்கம். கையில் அந்தக் கடிதம்.

"நீ அங்கேதானே இருக்கே, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. எதிராத்துப் பையன் அகராதியை வச்சிண்டு ஒவ்வொரு வார்த்தையாப் பார்த்துச் சொன்னான். பணம் இல்லேன்னு எழுதியிருக்கா, அது புரிஞ்சது. ஆனா கடைசியிலே 'உங்களுடைய விசுவாசமுள்ளவன்'னு போட்டுக் கையெழுத்து இருக்காமே? இப்போ இல்லேன்னாலும் பின்னாலே ஏதாவது செய்யறோம்னு அர்த்தமா?"

"அது ஒண்ணுமில்லே, மாமி. எல்லாக் கடுதாசியிலேயும் அப்படித்தான் போடறது. அதுக்குத் தனியா அர்த்தம் கிடையாது."

மாமி கடிதத்தை ஒரு தடவை பார்த்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அர்த்தமில்லாததையா கையெழுத்துக்கு மேலே போடுவா?"

நான் பதில் சொல்லவில்லை. அவளே சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: "இவர் யாருக்குக் கடுதாசி எழுதினாலும் 'தாஸன்'னுதான் முடிப்பார். 'அப்படி எழுதிப்பிட்டா, அப்புறம் அந்த மனுஷா வாசல்லே வந்து நின்னா இல்லேன்னு சொல்லப்படாது'ன்னுவார்."

கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். அந்தக் கடிதத்தை அடித்தது நான்தான் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியங்கூட இல்லை. காரியாலயக் கடிதங்களில் இடது பக்கத்து மூலையில், கையெழுத்திட்டவரின் முதலெழுத்துக்களுக்குப் பக்கத்தில், அடித்தவனின் முதலெழுத்துக்களும் சின்னதாக இருக்கும். என் பெயரின் இரண்டு எழுத்தும் அங்கே இருந்தன. மாமி அதைக் கவனித்தாளா, கவனித்தும் கேட்காமல் விட்டாளா என்பது எனக்குத் தெரியாது. பிறகு அதே தெருவில் இருந்த ஒரு பழைய வக்கீல் குமாஸ்தா அவளைத் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்தபின் பணம் வந்தது. அழைத்துப் போனவன் நான் அல்ல என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மாமி கேட்ட கேள்வி என்னை விடவில்லை. வெகு காலத்துக்குப் பிறகு ஒரு நாள், அதே கேள்வியை ஜெர்மனியின் பெரிய தத்துவஞானி கான்ட் கேட்டிருக்கிறார் என்று படித்து ஆச்சரியப்பட்டேன். பொய் விஷயத்தில் கான்டைப் போலக் கறாரான மனிதர் கிடையாது. ஒருவனைக் கொல்லத் தேடி வருகிறவன் வாசலில் நின்று, 'அவன் உள்ளே இருக்கிறானா?' என்று கேட்டால்கூடப் பொய் சொல்லும் உரிமை நமக்கு இல்லை என்று 1797இல் கட்டுரை எழுதியவர். அதே வருஷம் வெளியான அவருடைய ஒழுக்க சாஸ்திர நூலில், பொய்யைப் பற்றிய அத்தியாயத்தின் கடைசியில், ஒரு சின்னச் சந்தேகத்தை எழுப்புகிறார்: கடிதத்தின் அடியில் 'தங்கள் பணிவுள்ள ஊழியன்' என்று எழுதுகிறோமே, அது பொய்யா? இதனால் ஒருவரும் ஏமாறுவதில்லையே என்றும் அவரே சேர்த்துக்கொள்கிறார். அவ்வளவு கறாரானவருக்கே இந்த இடத்தில் கொஞ்சம் இளக்கம் வந்துவிட்டது போலும்.

ஒருவரும் ஏமாறுவதில்லை என்ற நியாயத்துக்கு நல்ல உதாரணமும் உண்டு. ஆங்கில அகராதியைத் தொகுத்த சாமுவேல் ஜான்சன், தாம் உதவி தேடிப் போனபோது செஸ்டர்ஃபீல்ட் பிரபு தம்மைக் கவனிக்காமல் வாசலில் காக்கவைத்துவிட்டு, அகராதி முடிகிற சமயத்தில் புகழ்ந்து எழுத வந்ததைக் கண்டு மனம் கொதித்தார். 1755ஆம் வருஷம் பிப்ரவரி 7ஆம் தேதி அவருக்கு எழுதிய கடிதத்தில், முழுகிக்கொண்டிருக்கும்போது கைகொடுக்காதவன் கரையேறிய பிறகு உதவி செய்ய வருவதா என்ற கருத்தை வைத்துச் சாட்டையால் அடிப்பது போல எழுதினார். அந்தக் கடிதமும் வழக்கப்படி, பிரபுவின் மிகப் பணிவுள்ள, மிகக் கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்றுதான் முடிகிறது. படித்த பிரபு ஏமாந்திருப்பாரா? ஜான்சன் தமக்குப் பணிந்துவிட்டார் என்று நினைத்திருப்பாரா? இருவருக்கும் வழக்கம் தெரியும். நாடக மேடையில் கட்டிய கிரீடத்தைப் பார்த்து ஒருவரும் அதை ராஜாவின் கிரீடம் என்று வாங்க வருவதில்லை.

ஆனால் கான்ட், ஜான்சன், செஸ்டர்ஃபீல்ட் மூவரும் ஒரு வகையில் ஒரே ஊர்க்காரர்கள். வழக்கம் தெரிந்தவர்கள் வழக்கம் தெரிந்தவர்களுக்கு எழுதிக்கொண்ட கடிதங்கள் அவை. அகராதியை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் படிக்கும் எதிராத்துப் பையனும், அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாமியும் அந்தக் கணக்கில் வரவில்லை. நம் நாட்டில் வெள்ளைக்காரக் கலெக்டர் கீழே இருக்கிற அதிகாரிக்கு எழுதினாலும், 'தங்கள் மிகக் கீழ்ப்படிதலுள்ள ஊழியனாக இருக்கும் பெருமையை உடையேன்' என்ற பொருளில்தான் கையெழுத்திடுவார். அதை அவரும் நம்பவில்லை, பெற்றவரும் நம்பவில்லை. ஆனால் அதே வாசகத்தை நம்மவர்கள் மேலே இருக்கிறவருக்கு எழுதியபோது அது வெறும் வழக்கமாக இருக்கவில்லை. எழுத்துக்கு எழுத்து நிஜமாக இருந்தது. ஒரே சொற்றொடர், மேலிருந்து கீழே வரும்போது விளையாட்டு. கீழிருந்து மேலே போகும்போது வாழ்க்கை.

1956இல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கடிதங்கள் தமிழாயின, அடியில் இருந்தது மட்டும் போகவில்லை. 'தங்கள் உண்மையுள்ள' என்று அதுவும் தமிழாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளை லீவு லெட்டரில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்' என்று எழுதுகிறான். திங்கட்கிழமைகளில் திருச்சிக் கலெக்டர் காரியாலயத்துக்குக் குறை சொல்ல வருகிறவர்கள், மனு எழுதுகிறவரிடம் பணம் கொடுத்து, 'இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள' என்பதற்குக் கீழே கைநாட்டு வைக்கிறார்கள். பட்டா கேட்கும் கிழவி, எதற்காகத் தன் உண்மைக்கு உறுதி கூறுகிறாள்? உறுதி கூற வேண்டியவர்கள் பதில் எழுதுகிறவர்கள் அல்லவா?

இந்த இடத்தில் ஸ்ரீரங்கத்துக்காரர் யாராவது என்னை மடக்கலாம். 'உங்கள் ஊரில் நாளெல்லாம் அடியேன், அடியேன் என்று சொல்லிக்கொள்கிறீர்களே, அது மட்டும் என்ன வாழ்ந்தது?' என்று கேட்கலாம். கேட்பது நியாயம். அடியேன் என்று சொல்லிக்கொண்டே தரிசன வரிசையில் முன்னால் நிற்பவரை முழங்கையால் இடித்துத் தள்ளும் அடியார்களை நான் பார்த்திருக்கிறேன். எந்தப் பணிவான சொல்லும் நாக்கில் புரண்டு புரண்டு தேய்ந்து போகும். வெள்ளைக்காரன் சொல்லும் அப்படித்தான், நம் சொல்லும் அப்படித்தான்.

ஆனால் அந்தச் சொல்லைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு கதை சொல்வார்கள். ராமானுஜர் ரகஸ்யார்த்தம் கேட்பதற்காக ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டுத் தடவை நடந்தாராம். ஒவ்வொரு தடவையும் நம்பி உள்ளேயிருந்து, 'யார்?' என்று கேட்பார். 'நான் ராமானுஜன்' என்பார் இவர். கதவு திறக்காது. கடைசியில் 'அடியேன் ராமானுஜன்' என்ற பிறகுதான் திறந்ததாம். சரித்திர ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை, செவிவழியாக வருவது. கதையில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. பதினெட்டாம் தடவை சொன்ன சொல்லை முதல் தடவையே சொல்ல அவருக்குத் தெரியாதா? ஊரெல்லாம் வழங்குகிற சொல்தானே? சொல் முதலிலிருந்தே இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்க ஆள் வந்து சேருவதற்குத்தான் அத்தனை நடை தேவைப்பட்டது என்று நான் எண்ணிக்கொள்கிறேன். கணக்கு எழுதிய அந்த மனுஷர் 'தாஸன்' என்று எழுதிவிட்டு, வாசலில் வந்து நிற்கிறவனுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்றாரே, அதுவும் இதுதான்.

ஆங்கிலச் சொற்றொடரையே இப்படி எழுதிக் காட்டிய ஒருவரும் நம் நாட்டில் இருந்தார். 1930ஆம் வருஷம் மார்ச் 2ஆம் தேதி காந்தி வைசிராய் இர்வினுக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த ஆட்சியை ஒரு சாபமாகக் கருதுவதாக அதில் இருக்கிறது. வைசிராயின் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்கு மேல், சாதாரண இந்தியனின் வருமானம் நாளொன்றுக்கு இரண்டணாவுக்கும் கீழே என்று கணக்கும் இருக்கிறது. உப்புச் சட்டத்தை மீறப்போகிறேன் என்ற அறிவிப்பும் இருக்கிறது. ஆனால் அது 'அன்புள்ள நண்பரே' என்று தொடங்கி, 'உங்கள் மனப்பூர்வமான நண்பன்' என்ற பொருள்படும் ஆங்கில வழக்கோடு முடிகிறது. அந்தக் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க அவர் தேர்ந்தெடுத்தது ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஓர் ஆங்கில இளைஞரை. ஒரு ஆங்கிலேயருக்கும் தீங்கு செய்ய எண்ணமில்லை என்று உள்ளே எழுதியிருந்ததற்கு அதுவே சாட்சி. வைசிராயின் காரியதரிசியிடமிருந்து வந்த பதில் சில வரிகள்தாம். வருந்துவதாக அதில் இருந்தது. அதற்கு அடுத்த மாதம், ஏப்ரல் 13ஆம் தேதி, ஸ்ரீரங்கத்தில் பிறந்தவரான டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் திருச்சி வீட்டிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு வேதாரணியத்துக்கு உப்பெடுக்க நடந்தார்.

ஹிட்லருக்கும் காந்தி அதே மரியாதையோடுதான் எழுதினார், 1939 ஜூலையில் ஒரு தடவை, 1940 டிசம்பரில் ஒரு தடவை. இரண்டையும் சர்க்கார் போகவிடவில்லை. இரண்டாவது கடிதத்தில் அவர், நண்பர் என்று அழைப்பது சம்பிரதாயத்துக்காக அல்ல, எனக்கு எதிரிகள் இல்லை என்ற கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறார். அப்படிப்பட்டவனை நண்பன் என்றதற்காகச் சிரித்தவர்கள் உண்டு, கோபப்பட்டவர்களும் உண்டு. அந்தக் கடிதம் எழுதியது விவேகமா என்பது வேறு வழக்கு. எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: லட்சக்கணக்கானவர்கள் யோசிக்காமல் எழுதும் ஒரு சொல்லை அவர் எழுதுவதற்கு முன் யோசித்திருக்கிறார். இதை எழுதினால் இதற்கு நான் பொறுப்பு என்று நினைத்திருக்கிறார்.

நாமெல்லோரும் காந்தி ஆக முடியாது. மின்சார பில்லைப் பற்றிப் புகார் எழுதும்போது நெஞ்சில் கைவைத்து, 'நான் இவருக்கு விசுவாசமுள்ளவனா?' என்று கேட்டுக்கொண்டிருந்தால் உலகத்தில் தபால் ஓடாது. சம்பிரதாய வார்த்தையை எடுத்துவிட்டு வெறும் கையெழுத்துப் போட்டாலோ, அது முகத்தில் கதவைச் சாத்துவது போல இருக்கிறது. மரியாதைச் சொற்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை நாம் கைமாற்றாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் நகை. போட்டுக்கொள்வதில் தப்பில்லை, நம்முடையது அல்ல என்ற நினைவு வேண்டும்.

என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். கான்ட் அதே பக்கத்தில் இன்னொரு கேள்வியும் கேட்கிறார். ஒரு நூலாசிரியன் வாசகனிடம், 'என் புத்தகம் எப்படி?' என்று கேட்டால், அவன் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லிவிடலாமா? வாரத்துக்கு இரண்டு பேராவது எனக்குக் கதை அனுப்பி அபிப்பிராயம் கேட்கிறார்கள். பாதி படித்துவிட்டு, 'நன்றாக இருக்கிறது, தொடர்ந்து எழுதுங்கள். அன்புள்ள' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். 'அன்புள்ள' என்பதை யாரும் நம்பப்போவதில்லை என்று எண்ணிக்கொள்வேன். ஆனால் எங்கோ மணப்பாறையிலோ முசிறியிலோ ஒரு பையன் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறானோ என்னவோ. அவனுக்கு அது வழக்கம் அல்ல, வார்த்தை.

ஆகவே நான் எனக்கென்று ஒரு சின்ன வழி வைத்துக்கொண்டேன். கடிதம் எழுதி முடித்ததும், அடியில் இருக்கும் வார்த்தையிலிருந்து தொடங்கி மேலே போகிறேன். 'தங்கள் உண்மையுள்ள' என்று சொல்கிறவன் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பானா? நட்பில் உருகத் தேவையில்லை. உண்மையை மறைக்காமல் இருக்கிறானா, பெறுகிறவரை ஏமாற்றாமல் இருக்கிறானா என்று பார்த்தால் போதும். அடியில் உள்ள சொல்லும் மேலே உள்ள கடிதமும் ஒன்றையொன்று பார்த்துக் கூச வேண்டியிருந்தால், சொல்லை மாற்றிப் பயனில்லை. கடிதத்தை மாற்ற வேண்டும். அன்று மானேஜரும் நானும் அந்தச் சொல்லைத்தான் மாற்றினோம். இலக்கணப்படி மிகச் சரியாக மாற்றினோம்.

இந்த வழியைக் கடைப்பிடிக்க ஆரம்பித்த பிறகு, கதை அனுப்புகிறவர்களுக்கு என் பதில் தாமதமாகிறது. முழுதும் படிக்க வேண்டியிருக்கிறதே! சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

தமக்கை மகன் தபாலில் சேர்த்துவிட்டு வந்தபோது, எல்லாவற்றையும் அவனிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லவில்லை. வேலை தேடுகிற பையனை ஏன் குழப்புவது என்று தோன்றிற்று. ஆனால் வேலை கிடைத்து, ஒரு நாள் அவனும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் எழுதுகிறவன் ஆவான். அப்போது அவன் கேட்காவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். அதற்குள் மறந்துபோகலாம் என்றுதான் இங்கே எழுதி வைக்கிறேன்.

மாமி இப்போது இல்லை. அந்தக் கடிதத்தை அடித்தவன் நான்தான்.